பூஞ்சைக்கு ஒரு பரிந்துரை

என் தங்கையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் ஒருவரைத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அவர் அவளுடைய பேராசிரியர். துறையில் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'ஆகட்டும் சார்'. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். "ஆகட்டும்மா" என்பார். குரல் உயராது, முகம் சுளிக்காது, அவ்வளவு பதவிசு. கத்துகிற ஆளென்றால் நாமும் எதிர்த்துக் கத்தலாம். ஆகட்டும் என்கிற ஆளை என்ன செய்வது? நாலு வருஷம் அவர் என் தங்கையை இந்த ஒரு வார்த்தையிலேயே கட்டிப்போட்டு வைத்திருந்தார். மகானுபாவன்.

தங்கையை வீட்டில் பூஞ்சை என்று கூப்பிடுவோம். பிறந்தபோது பூஞ்சை உடம்பு, ஊதினால் பறந்துவிடுவாள் போலிருப்பாள் என்று அப்பா வைத்த பெயர். பிறகு அவள் கல்லூரிக்குப் போய், படிக்க ஆயிரம் விஷயம் இருக்க, ரொட்டியிலும் ஈரச் சுவரிலும் தானிய மூட்டையிலும் படர்கிற பூஞ்சையையே எடுத்துப் படித்தாள். "வச்ச பேரைக் காப்பாத்திட்டா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். கோபமே வராது. இரண்டு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருக்க வேண்டிய கோபம் மொத்தத்தையும் மூத்தவளே வாரிக்கொண்டு வந்துவிட்டாள் என்று அம்மா சொல்வாள். இருக்கலாம்.

முதுகலை முடித்ததும் அவள் அந்த ஆய்வகத்திலேயே தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தாள். வருஷா வருஷம் நீட்டிப்பு. எங்கள் வீடு பல்கலைக்கழகத்துக்குப் பக்கம் என்பதால் எங்களோடுதான் இருந்தாள். அந்த ஆய்வகத்தின் சொத்தே பூஞ்சைகள்தான். நூற்றுக்கணக்கான வகை, ஒவ்வொன்றும் மூடி போட்ட ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில், உயிரோடு. கெட்டுப்போகாமல் இருக்க அவற்றைக் காலம் தவறாமல் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். நெருப்பில் காட்டிய கம்பியால் துளி கிள்ளி, மூச்சை அடக்கிக்கொண்டு, அடுத்த தட்டில் வைக்க வேண்டும். தும்மினால் போச்சு. அந்த வேலை முழுக்க இவள் தலையில். காய்ச்சலோடும் போய்த் தட்டு மாற்றிவிட்டு வருவாள். "லீவு போடேன்டி" என்றால், "அதுங்களுக்கு லீவு தெரியாதுக்கா" என்பாள்.

ஆனால் அவள் ஆசை தட்டு மாற்றுவது இல்லை. அவளுக்குச் சொந்தமாக ஒரு கேள்வி இருந்தது. மூட்டையில் இருக்கும் தானியத்தில் பூஞ்சை எந்தக் கட்டத்தில் விஷமாக மாறுகிறது, அதற்குக் கொஞ்சம் முன்னால் கண்டுபிடிக்க வழி உண்டா? இதை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும். சொந்தக் காசில் செய்ய முடியாது. ஆய்வுக்கும் சாப்பாட்டுக்கும் பல்கலைக்கழகமே கொடுக்கிற இடம் வேண்டும்.

அந்த மாதிரி இடத்தைத் தேடிப் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்பதை இவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனில் விளம்பரங்களைப் பார்ப்பாள். ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் உடனே விண்ணப்பித்துவிடமாட்டாள். அந்தப் பேராசிரியர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படிப்பாள். அவர் ஆய்வில் தன் கேள்வி எங்கே உட்காரும் என்று யோசிப்பாள். பிறகுதான் அவருக்கு ஒரு மின்னஞ்சல். அரைப் பக்கம்தான், அதை ஒரு வாரம் எழுதுவாள். விளம்பரங்களை நானும் படித்துப் பார்த்தேன். தன்னார்வம் வேண்டுமாம், தனித்து இயங்க வேண்டுமாம், கூடவே குழுவோடும் இணங்க வேண்டுமாம். வாடகைக்கு ஆள் தேடும் வீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு நிபந்தனை போடமாட்டார்கள்.

விண்ணப்பத்தில் இரண்டு பேராசிரியர்களின் பெயர் கொடுக்க வேண்டும். ஆளைப் பிடித்துப்போனால் பல்கலைக்கழகமே அவர்களுக்கு எழுதி, இந்தப் பெண் எப்படி என்று கேட்கும். இரண்டு பேரும் பதில் போட்டால்தான் இடம். அதில் ஒருவர் முதுகலையில் வழிகாட்டியவராக இருந்தே ஆகவேண்டும். இளங்கலையில் பாடம் எடுத்த ஒரு டீச்சர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டவர், கேட்ட அன்றைக்கே அனுப்பிவிடுவார். வழிகாட்டியவர் என்றால் நம் ஆகட்டும் சார்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சாரிடம் ஒரு தடவைதான் கேட்க வேண்டும். அனுப்பிவிட்டீர்களா என்று மறுபடி கேட்பது மரியாதைக் குறைவு. யாரோ ஒருவன் ஒருமுறை கேட்டதற்கு, "ஏம்ப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சார் மெதுவாகக் கேட்டாராம். அதிலிருந்து யாரும் கேட்பதில்லை. என் தங்கையும் ஒரு தடவை கேட்பாள், அவர் ஆகட்டும்மா என்பார், இவள் நன்றி சார் என்று தட்டு மாற்றப் போய்விடுவாள்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வார்டில் இந்த மரியாதையெல்லாம் செல்லாது. ஊசி போட்டாச்சு என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டோம். சீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஷிப்டு பொறுப்பெடுக்கும். இதை அவளிடம் சொன்னேன். "அவர் பெரியவர்க்கா, அவர்கிட்டப் போய் அப்படியெல்லாம் கேக்க முடியாது" என்றாள். பெரியவராம்.

முதல் வருஷம் விண்ணப்பித்த இடங்களில் ஒன்று நேர்காணல் வரைக்கும் வந்தது. நன்றாகப் பேசினேன் என்று வந்து சொன்னாள். அப்புறம் ஒரு மின்னஞ்சல் வந்தது: தகுதியான பலர் விண்ணப்பித்திருந்ததால் வருந்துகிறோம். அடுத்த வருஷம் இரண்டு இடங்களில் நேர்காணல், இரண்டிலும் அதே வருத்தம். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. கடையில் அச்சடித்து வாங்கி வைத்திருப்பார்கள் போல, எழுத்து மாறாமல் எல்லோரும் வருந்தினார்கள். அம்மா, "எல்லாத்துக்கும் நேரம் வரணும்" என்றாள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவள் யாரையும் திட்டவில்லை. தன்னைத்தான் குறைத்துக்கொண்டாள். முதலில், "என் இங்கிலீஷ் சரியில்ல போலக்கா" என்றாள். அடுத்து, "கேள்வியே சின்னக் கேள்வியோ என்னவோ" என்றாள். பிறகு எதுவும் சொல்வதை நிறுத்தினாள். பேச்சில் 'நான் நினைக்கிறேன்' என்பது போய், 'எனக்குச் சரியாத் தெரியல' என்பது வந்தது. எழுத ஆரம்பித்திருந்த கட்டுரையை அழித்துவிட்டாள். "நல்லாத்தானேடி இருந்துச்சு?" என்றதற்கு, "உனக்கு எல்லாம் நல்லா இருக்கும்" என்று எழுந்து போய்விட்டாள். மூன்று வருஷத்தில் அவள் எங்கள் கண்ணெதிரே சிறுத்துப்போனாள். என் வீட்டுக்காரர்கூடக் கேலி செய்வதை விட்டுவிட்டார்.

இத்தனைக்கும் அதே ஆய்வகத்தில் ஒரு பையன் இருந்தான். பட்டப்பெயர் தூங்குமூஞ்சி. காரணம் விளக்க வேண்டியதில்லை. தட்டுகள் இருக்கும் அறைப்பக்கம் அவனை இவளே விடமாட்டாள், உள்ளே போனால் எதையாவது திறந்துபோட்டுவிட்டு வருவான். அவன் முதல் முயற்சியிலேயே முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்துப் போய்விட்டான். அவனை வழியனுப்ப இவள்தான் எல்லோரிடமும் வசூல் செய்து பரிசு வாங்கினாள்.

இது நாலாவது வருஷம், இதுவே கடைசி. அவளுடைய துறையில் உதவித்தொகைக்கு முதுகலை முடித்து இத்தனை ஆண்டுக்குள் என்று ஒரு வரம்பு உண்டு. இந்த வருஷத்தோடு அது தாண்டிவிடும். போன வருஷம் மறுத்த ஒரு பேராசிரியை அம்மையாருக்கே மறுபடியும் எழுதினாள். அவருடைய ஆய்வும் தானியத்தில் வரும் விஷம்தான். நேர்காணல் முடிந்து சில வாரம் கழித்து அந்த அம்மையாரே போனில் கூப்பிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். பேச்சு வெளியே கேட்கும்படி போனை மேடையில் வைத்திருந்தாள்.

"உங்களை எடுத்துக்கணும்னுதான் நினைக்கிறேன். ஆனா உங்க வழிகாட்டிகிட்டருந்து பதிலே வரல. ரெண்டு தடவை எழுதிட்டோம். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா அடுத்த ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிடுவாங்க, என் கையில இல்ல. போன வருஷமும் இதேதான் ஆச்சு."

"போன வருஷமா?" என்றாள் என் தங்கை.

"ஆமா. போன வருஷமும் நீங்கதான் முதல்ல இருந்தீங்க. அவர் பதில் போடல. உங்களுக்கு இது தெரியாதா?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்பை அணைத்தேன். அவளுக்கு முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் அவசரப்படமாட்டாள் இல்லையா, மற்ற இடங்களுக்கும் பணிவாக எழுதிக் கேட்டாள். இரண்டு பேர் மறுநாளே பதில் போட்டார்கள். ஆமாம், தேர்ந்தெடுத்திருந்தோம். ஆமாம், அவருக்கு எழுதினோம். இல்லை, பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான் ஷிப்டை மாற்றிக்கொண்டு அவளோடு போனேன். "நீ வரவேணாம்க்கா, நீ வந்தா சத்தம் போடுவ" என்றாள். "போடத்தான்டி வர்றேன்" என்றேன்.

சாரின் அறை துப்புரவாக இருந்தது. மேஜைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கடியில் அவர் மாலை வாங்கும் படங்கள், சுவரில் பட்டயங்கள். மாணவர்கள் உட்காரும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ஆடும், அதனால் யாரும் ரொம்ப நேரம் உட்காரமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"வாங்க வாங்க, அக்காவா? ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"சார், அந்தப் பரிந்துரை..." என்றாள் தங்கை. இழுத்த இழுப்பில் நானே எழுந்து சொல்லியிருப்பேன்.

"ஆகட்டும்மா. அனுப்பிடலாம்."

"எப்ப சார்?" என்றேன் நான்.

அந்தக் கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீங்க நர்ஸ் இல்ல? அதான், எல்லாத்துலயும் அவசரம்" என்று சிரித்தார்.

"ஆமா சார். எங்க இடத்துல நேரத்துக்குக் கொடுக்கலைன்னா ஆளே போயிடும். இன்னைக்குத்தான் கடைசி நாள். இப்பவே அனுப்புங்க, நாங்க இருக்கோம்."

"போன வருஷம் அவங்க எழுதினது வந்துச்சா சார்?" என்று தங்கை கேட்டாள்.

"வந்திருக்கும்மா. நாளுக்கு நூறு மெயில் வருது."

"அதுக்கு முந்தின வருஷம் வந்ததும், அதுக்கும் முந்தினதும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் குற்ற உணர்ச்சியாவது தெரியும் என்று பார்த்தேன். கொஞ்சம் அலுப்புத்தான் தெரிந்தது.

"இங்க பாரும்மா. உனக்கு இங்க என்ன குறை? அடுத்த ப்ராஜெக்ட் வரட்டும், இங்கயே பதிஞ்சுக்கலாம். நான் செய்யாம யாரு செய்வா? நீ பாட்டுக்குக் கிளம்பிட்டா இந்தத் தட்டெல்லாம் யாரு பார்க்கறது? இதுல பாதி வேற எங்கயுமே கிடையாது தெரியுமா?"

"தூங்குமூஞ்சிக்கு மட்டும் கேட்டவுடனே எழுதினீங்களே, எப்படி சார்?" என்றேன். பட்டப்பெயர் வாயில் வந்துவிட்டது. அவருக்கும் அது யாரென்று தெரிந்துதான் இருந்தது.

"அவன் இருந்தா என்ன, போனா என்ன?" என்றார்.

சொல்லிவிட்டுச் சாதாரணமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உதவாதவனுக்குச் சிபாரிசு செய்து ஊரை விட்டு அனுப்பு, உழைக்கிறவளைப் பூட்டி வை. இதற்கு எத்தனை பட்டயம் சுவரில்! எங்கள் மேட்ரனும் இதே ஜாதி. நன்றாக வேலை செய்கிற நர்ஸுக்கு அவள் கையால் இடமாற்றம் கிடைத்ததே கிடையாது. ஆனால் அவள் இதை நல்லதுக்குச் சொல்கிறேன் என்று பூசி மெழுகமாட்டாள். நான் என்னென்னவோ கத்தினேன். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவர் மாதிரி.

அப்போது ஆய்வகத்து ஆயாம்மா கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப்பார்த்தார். "தட்டெல்லாம் எடுத்து வச்சாச்சு, கம்பி காட்டுற விளக்கும் பத்த வச்சுட்டேன், வர்றியாம்மா?" என்றார். அன்றைக்குத் தட்டு மாற்றும் நாள்.

"இல்லம்மா" என்றாள் என் தங்கை. "இன்னைக்கு நான் மாத்தல."

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் சாருக்குக் கேட்டது. என் கத்தல் எதற்கும் நிமிராத மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா இது? வெளியில எடுத்து வச்சாச்சாம்."

"தெரியும் சார். நீங்க அனுப்பிட்டீங்கன்னா போய் மாத்திடறேன். அதுவரைக்கும் இங்க உக்காந்திருக்கேன்."

கத்துவதற்காக நான் எழுந்து விட்டிருந்த ஆடும் நாற்காலியில் கையைக் கோத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். அவர் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஆகட்டும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, அந்த அம்மையாரின் மின்னஞ்சலைத் தேடாமலே எடுத்தார். எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் வைத்திருந்தார். இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். எங்கும் நிற்கவில்லை, யோசிக்கவில்லை, இவளிடம் ஒரு விவரம் கேட்கவில்லை. முடித்து அனுப்பியதை எனக்குக் காட்டச் சொன்னேன், திரையைத் திருப்பிக் காட்டினார். படிப்பதற்குள் மூடிவிட்டார்.

"போச்சு. திருப்தியா?"

"நன்றி சார்" என்றாள் என் தங்கை. சொல்லிவிட்டு எழுந்து போய்த் தட்டுகளை மாற்றினாள், அத்தனையையும். பக்கத்தில் நின்ற எனக்கு அந்த நன்றியைக் கேட்டு அவளை நாலு சாத்தலாம் போலிருந்தது.

சனியும் ஞாயிறும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வன்மம் வைத்து ஏதாவது எழுதித் தொலைத்திருப்பாரோ என்று எனக்குப் பயம். சுமாரான பெண் என்று ஒரு வரி போதும், எல்லாம் முடிந்தது. "நீ போட்ட சத்தத்துக்கு அவர் என்ன எழுதினாரோ" என்று என் வீட்டுக்காரர் வாய்விட்டே சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் மட்டும், "உண்மையைத்தான் எழுதியிருப்பார். நான் சுமார்தான்க்கா" என்றாள்.

திங்கட்கிழமை அந்த அம்மையார் கூப்பிட்டார். அன்றைக்கும் போனைச் சமையலறை மேடையில் வைத்து எங்களுக்குக் கேட்கும்படிதான் பேசினாள். இடம் கிடைத்துவிட்டது. மூன்றே மாதத்தில் கிளம்ப வேண்டும், முழு உதவித்தொகை. நான் அங்கேயே என் வீட்டுக்காரர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன், சந்தோஷத்தில். அம்மையாரும் சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நல்ல பரிந்துரையை நான் படிச்சதே இல்ல. சில வரி படிக்கிறேன், நீங்க தெரிஞ்சுக்கணும்" என்று படித்துக் காட்டினார். "'என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆராய்ச்சி மனம் இவளுடையது. இவள் எழுப்பியிருக்கும் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். சேர்ந்த முதல் மாதமே இது எனக்குத் தெரிந்துவிட்டது.'"

"கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கிறீங்களா மேடம்?" என்றாள் தங்கை.

அவர் படித்தார். இவள் நன்றி சொன்னாள், தேதிகளைக் கேட்டுக்கொண்டாள், போனை வைத்தாள். நான் கட்டிப்பிடிக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டாள். அப்படி அவள் தள்ளியது அதுதான் முதல் தடவை.

"முதல் மாசமே தெரிஞ்சிருக்கு" என்றாள். "அவருக்குத் தெரிஞ்சிருக்குக்கா. நாலு வருஷமா தினம் காலையில எனக்கு வணக்கம் சொல்லியிருக்கார். நான் லாயக்கில்லைன்னு நினைச்சு நினைச்சு... கட்டுரையை அழிச்சேன்க்கா. அவர் பார்க்கத்தான் அழிச்சேன். 'ஏம்மா நிறுத்திட்டே'ன்னுகூடக் கேக்கல. தெரிஞ்சுக்கிட்டே..."

மேடையில் இருந்த பாத்திரத்தை எடுத்துச் சுவரில் அடித்தாள். அடுத்ததையும் அடித்தாள். தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டாள். எனக்குத் தெரிந்த என் தங்கையின் குரலே இல்லை அது. என் வீட்டுக்காரர் தடுக்கப் போனார், நான் விடவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரம்மா பதறிப்போய் ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். தங்கைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.